சூடா, வாயுவா, ஆபத்தா? கர்ப்பிணிகளின் கேள்விகளுக்கு மகப்பேறு மருத்துவர்களின் பதில்கள்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் மூன்று சொற்கள் திரும்பத் திரும்ப வந்தன: சூடு, வாயு, நீர். வயிறு இறுகினால் சூடு, விலாவுக்குக் கீழே வலித்தால் வாயு, கால் வீங்கினால் நீர். பல சமயம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது சரியாகவே இருக்கும். ஆனால் கர்ப்பகாலத்தில் உயிருக்கு உலை வைக்கும் சில நோய்களும் இதே பெயரில்தான் வீட்டுக்குள் நுழைகின்றன. எந்த இடத்தில் கைவைத்தியத்தை நிறுத்திவிட்டு வண்டி ஏற வேண்டும் என்பதை முடிந்தவரை துல்லியமாகச் சொல்லியிருக்கிறோம்.

எனக்கு 33 வாரம். தலைச்சன் பிள்ளை. இரண்டு வாரமாகக் கால் வீக்கம். மாமியார் பார்லித் தண்ணீரும் வாழைத்தண்டுச் சாறும் தருகிறார். நேற்றிலிருந்து தலைவலி, மாத்திரை போட்டும் விடவில்லை. அடுத்த செக்கப்புக்குப் பத்து நாள் இருக்கிறது. பொறுக்கலாமா?
— வாசகி, திண்டிவனம்

பொறுக்க வேண்டாம். இதழ் அச்சாகி உங்கள் கைக்கு வரும்வரை காத்திருக்கக்கூடிய கேள்வி இல்லை என்பதால், கடிதம் கிடைத்த அன்றே உங்களுக்குப் பதில் அனுப்பிவிட்டோம். மற்றவர்களுக்காக இங்கே விரிவாக.

கால் வீக்கம் மட்டும் என்றால் பெரும்பாலும் பயமில்லை. வளர்ந்த கர்ப்பப்பை இடுப்பிலுள்ள ரத்தக்குழாய்களை அழுத்துவதால் சாயங்காலம் கணுக்கால் வீங்கும். காலை உயர்த்தி வைத்துப் படுத்தால் விடிவதற்குள் வடிந்துவிடும். காலையில் எழும்போதே முகம் உப்பி, இமை தடித்து, கைவிரல் வீங்கியிருந்தால் அது வேறு. வளைகாப்பில் போட்ட கண்ணாடி வளையல்களைப் பாருங்கள். அன்றைக்குக் கையில் தாராளமாக ஏறி இறங்கிய வளையல் இன்றைக்கு மணிக்கட்டைப் பிடித்துத் தோலில் தடம் பதிக்கிறதா? ஒரே வாரத்தில் எடை 1 கிலோவுக்கு மேல் ஏறியிருக்கிறதா? அப்படியானால் அன்றே பிரஷர் பார்க்க வேண்டும். தலைவலியும் சேர்ந்துவிட்டால் யோசிக்கவே வேண்டியதில்லை.

20 வாரத்துக்குப் பிறகு ரத்த அழுத்தம் ஏறி, சிறுநீரில் புரதமும் போவதை ப்ரீஎக்லாம்ப்சியா என்கிறோம். கோளாறு தொடங்கும் இடம் நஞ்சுக்கொடி. அதற்கு ரத்தம் கொண்டுவரும் குழாய்கள் சரியாக விரியாததால், அங்கிருந்து தாயின் ரத்தத்தில் கலக்கும் பொருட்கள் உடம்பெங்கும் ரத்தக்குழாய்களின் உட்சுவரைக் கெடுக்கின்றன. மூளையில் அது விடாத தலைவலியாகத் தெரியும். கண்ணில் மங்கலாக, பொறி பறப்பதாக. கல்லீரலில் வலது விலாவுக்குக் கீழே, அல்லது நெஞ்சுக்குழியில் வலியாக. இந்தக் கடைசி வலியைத்தான் வாயு என்று எண்ணி ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டு ஒரு ராத்திரியைக் கழித்துவிடுகிறார்கள். பார்லித் தண்ணீர் கெடுதல் இல்லை, ஆனால் இந்த நோயை அது தொடாது. வீக்கம் சற்று வடிந்ததும் நோயே வடிந்துவிட்டது என்று நம்பிவிடுவதுதான் ஆபத்து.

வீட்டில் பிரஷர் கருவி இருந்தால் பார்க்கும் முறை இது: காபி, டீ குடித்து அரை மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, கால் இரண்டும் தரையில் படும்படி நாற்காலியில் ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கை நெஞ்சு மட்டத்தில் மேசைமேல் இருக்கட்டும். பட்டையை ரவிக்கைக் கைக்கு மேல் சுற்றாமல் தோலில் சுற்றுங்கள். பருமனான கைக்குச் சிறிய பட்டை போட்டால் அளவு கூடுதலாகக் காட்டும்.

மேல் எண் 140 அல்லது கீழ் எண் 90, இரண்டில் ஒன்று எட்டினாலும் அன்றே மருத்துவமனை. 160 அல்லது 110 எட்டினால் அந்த நிமிடமே 108. கருவியில் எண் குறைவாக இருந்தாலும் தலைவலி, பார்வைக் கோளாறு, விலா வலி இருந்தால் போகத்தான் வேண்டும்.

நிலைமை தீவிரம் என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இரண்டு பிட்டத்திலும் 5 கிராம் வீதம் மெக்னீசியம் சல்பேட் ஊசி போட்டுவிட்டுத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். ஊசி கடுமையாக எரியும். "பிள்ளைக்கு ஆகாது, அங்கே போய்ப் போட்டுக்கொள்கிறோம்" என்று தடுக்காதீர்கள். வழியில் வலிப்பு வராமல் காப்பது அந்த ஊசிதான். வீட்டிலேயே வலிப்பு வந்துவிட்டால் இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் தண்ணீரோ கரண்டியோ வேண்டாம். கையில் இரும்புச் சாவி கொடுப்பதில் போகிற நேரத்தில் 108-க்குப் போன் போட்டுவிடலாம்.

முந்தைய பிரசவத்தில் பிரஷர் இருந்தவர்கள், இரட்டைக் குழந்தை சுமப்பவர்கள், ஏற்கெனவே சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் 12 வாரத்திலேயே மருத்துவரிடம் இதைச் சொல்லுங்கள். குறைந்த அளவு ஆஸ்பிரின், 75 முதல் 150 மில்லிகிராம், 16 வாரத்துக்குள் தொடங்கினால் நோய் வரும் வாய்ப்பு குறைகிறது. நீங்களாகக் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளும் மாத்திரை அல்ல அது.

36 வாரம். இரண்டு நாளாகக் குழந்தை முன்போல அசையவில்லை. "பிள்ளை பெரிசாயிடுச்சு, உள்ளே இடம் இல்லை, அதான் அசையலை" என்கிறார்கள். உண்மையா?
— வாசகி, பொள்ளாச்சி

உண்மை இல்லை. இந்த ஒரு நம்பிக்கையால் இழந்த குழந்தைகள் உண்டு என்பதால் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறோம். அசைவின் தன்மை மாறலாம். உதைப்பது போய் உருள்வது, நெளிவது என்று ஆகலாம். எண்ணிக்கை குறையாது. 32 வாரம் வரை கூடிக்கொண்டே வந்து, பிறகு பிரசவம் வரை ஏறக்குறைய அதே அளவில் நிற்கும்.

தலைச்சனில் 18 முதல் 20 வாரத்தில் முதல் அசைவு தெரியும், அடுத்த பிள்ளைகளில் 16 வாரத்திலேயே தெரியலாம். 28 வாரத்துக்குள் ஒவ்வொரு குழந்தைக்கும் தனி வழக்கம் வந்துவிடும். சில குழந்தைகள் நீங்கள் சாப்பிட்டுப் படுத்தவுடன் ஆடும், சில ராத்திரி பத்து மணிக்கு. அந்த வழக்கத்தை அறிந்தவர் நீங்கள் ஒருவர்தான். அதில் மாற்றம் தெரிந்தால் அதுவே போதுமான காரணம்.

எண்ணிப் பார்க்க: சாப்பிட்டு முடித்து, டிவியையும் போனையும் அணைத்துவிட்டு, இடது பக்கம் படுத்து, ஒரு கையை வயிற்றில் வையுங்கள். உதை, உருளல், நெளிவு எல்லாம் கணக்கு. சீரான தாளத்தில் வரும் விக்கல் கணக்கில்லை. பத்து அசைவுக்கு எவ்வளவு நேரமானது என்று குறியுங்கள். குழந்தை 20 முதல் 40 நிமிடம் தூங்கும், 90 நிமிடத்தைத் தாண்டுவது அரிது. ஆகவே இரண்டு மணி நேரத்தில் பத்து வரவில்லை என்றால் தூக்கம் என்று சொல்வதற்கில்லை, அப்போதே கிளம்புங்கள். அசைவே இல்லை என்றால் அந்த இரண்டு மணி நேரமும் வேண்டாம்.

சில்லென்று ஜூஸ் குடித்துவிட்டுப் பார்ப்பது, காலை வரை பார்ப்பது இரண்டும் கூடாது. போன் செயலியிலோ, இணையத்தில் வாங்கிய சிறு டாப்ளரிலோ துடிப்பு கேட்டுத் திருப்திப்படவும் வேண்டாம். உங்கள் சொந்த நாடித் துடிப்பே அதில் கேட்கக்கூடும். மருத்துவமனையில் இருபது நிமிடமாவது துடிப்பின் ஏற்ற இறக்கத்தைக் காகிதத்தில் பதிவார்கள், தேவைப்பட்டால் நீரளவும் ரத்த ஓட்டமும் ஸ்கேனில் பார்ப்பார்கள். எல்லாம் சரி என்று அனுப்பி, மறுநாளே மீண்டும் குறைந்தால் மீண்டும் போங்கள். "நேத்துதானே வந்தீங்க" என்று யாராவது கேட்டால் கேட்கட்டும்.

7 வாரம் தள்ளிப்போயிருக்கிறது. வீட்டுப் பரிசோதனையில் இரண்டு கோடு வந்தது. இன்னும் ஸ்கேன் எடுக்கவில்லை. லேசாகத் திட்டுத் திட்டாக ரத்தம், வலது அடிவயிற்றில் குத்தல். இப்போது பிள்ளை வேண்டாம் என்றும் இருக்கிறோம். மெடிக்கலில் மாத்திரை வாங்கிக் கலைத்துவிடலாமா?
— வாசகி, ஓசூர்

மாத்திரையைத் தொடாதீர்கள். இன்றே ஸ்கேன். கரு, கர்ப்பப்பைக்குள் தங்காமல் குழாயில் தங்கியிருக்கக்கூடும். கலைப்பு மாத்திரை குழாய்க் கருவின்மேல் வேலை செய்யாது. ஆனால் கர்ப்பப்பையின் உட்புறம் உதிர்ந்து ரத்தம் போவதால் "கலைந்துவிட்டது" என்று நினைப்பீர்கள். கரு குழாயில் வளர்ந்துகொண்டே இருக்கும், ஒரு நாள் குழாய் வெடிக்கும். வெளியே வரும் ரத்தம் கொஞ்சம்தான்; வயிற்றுக்குள் லிட்டர் கணக்கில் சேரும்.

தலைசுற்றல், மயக்கம், வியர்த்துக் கொட்டுவது, மலம் வருவது போன்ற அழுத்தம் இவற்றோடு ஒரு விசித்திரமான அறிகுறியும் உண்டு: தோள்பட்டையின் நுனியில் வலி. வயிற்றில் சேர்ந்த ரத்தம் உதரவிதானத்தை உறுத்துவதால் மூளை அதைத் தோள் வலியாக உணர்கிறது. வாயுப்பிடிப்பு என்று தைலம் தேய்த்துக்கொண்டிருக்க வேண்டாம், அது 108 அழைக்க வேண்டிய வலி.

வெடிப்பதற்கு முன்பே கண்டுபிடித்தால் பலருக்கு, கரு வளர்வதை நிறுத்தும் மெத்தோட்ரெக்சேட் ஊசியோடு முடிந்துவிடும். ஸ்கேனில் எங்கும் கரு தெரியாவிட்டால் 48 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை ரத்தத்தில் பீட்டா ஹெச்சிஜி என்ற கர்ப்ப ஹார்மோனின் அளவைப் பார்த்து முடிவு செய்வார்கள். கரு கர்ப்பப்பையில்தான் இருக்கிறது என்று தெரிந்த பிறகு, வேண்டாம் என்ற உங்கள் முடிவை அதே மருத்துவரிடம் சொல்லுங்கள். சட்டம் அதற்கு இடம் தருகிறது.

ரத்த வகை நெகட்டிவ் உள்ளவர்கள் ரத்தப்போக்கு கண்டால் உடனே அதைச் சொல்ல வேண்டும். குழந்தையின் ரத்தத்துக்கு எதிராகத் தாயின் உடம்பு வேலை செய்யாமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி தேவைப்பட்டால் அதை 72 மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.

8-வது மாதம். நேற்று ராத்திரி வலியே இல்லாமல் பளிச்சென்று சிவப்பாக ரத்தம் போனது, தானாக நின்றுவிட்டது. வலி இல்லையே, விட்டுவிடலாமா?
— வாசகி, காரைக்குடி

வலி இல்லாததுதான் இங்கே கவலை. நஞ்சுக்கொடி கீழே இறங்கிக் கர்ப்பப்பை வாயை மூடியிருந்தால் இப்படித்தான் வலியின்றி வரும், நிற்கும், அடுத்த முறை வெள்ளமாக வரும். ரத்தம் நின்றிருந்தாலும் இன்றே மருத்துவமனைக்குப் போங்கள். போனதும் முதல் வாக்கியமாக "ஸ்கேன் பார்க்காமல் உள்பரிசோதனை வேண்டாம்" என்று சொல்லுங்கள், 20 வார ஸ்கேன் அறிக்கையையும் காட்டுங்கள். இதற்கு நேர்மாறாக, வயிறு பலகைபோல இறுகி விடாமல் வலித்தால் நஞ்சுக்கொடி பிரிகிறது என்று பொருள். அதில் ரத்தம் வெளியே தெரியாமலும் இருக்கலாம். டூவீலரில் இருந்து விழுந்தாலோ, வயிற்றில் அடிபட்டாலோ, எதுவும் தெரியாவிட்டாலும் குறைந்தது நான்கு மணி நேரம் மருத்துவமனைக் கண்காணிப்பில் இருப்பது நல்லது. அடித்தது வீட்டு ஆள் என்றாலும் மருத்துவரிடம் மறைக்க வேண்டாம்.

உள்ளங்கையும் உள்ளங்காலும் ராத்திரியில் தாங்க முடியாமல் அரிக்கிறது. தோலில் ஒன்றும் இல்லை. பித்தம் என்கிறார்கள். 34 வாரம்.
— வாசகி, நாகர்கோவில்

இந்த முறை பெரியவர்கள் உண்மைக்குப் பக்கத்தில் வந்துவிட்டார்கள். கல்லீரலில் இருந்து இறங்க வேண்டிய பித்த உப்புகள் ரத்தத்தில் தேங்குவதால் வரும் அரிப்பு இது. வயிற்றுத் தோல் விரிவதால் வரும் சாதாரண அரிப்பு வயிற்றிலும் மார்பிலும் இருக்கும். இது உள்ளங்கை, உள்ளங்காலில் தொடங்கி ராத்திரியில் உச்சத்துக்குப் போகும், சொறிந்த தடம் தவிர வேறு தடிப்பு இருக்காது. வேப்பிலையோ கலமைன் லோஷனோ தோலைக் குளிரவைக்கும், அவ்வளவுதான். இரண்டு நாளுக்குள் ரத்தத்தில் பித்த அமில அளவும் கல்லீரல் பரிசோதனையும் செய்யுங்கள். பித்த அமிலம் 100 மைக்ரோமோலைத் தாண்டினால் குழந்தைக்கு ஆபத்து தெளிவாகக் கூடுகிறது, பிரசவத்தை முன்கூட்டியே வைப்பார்கள். முதல் பரிசோதனை சரியாக வந்து அரிப்பு தொடர்ந்தால் அடுத்த வாரம் திரும்பப் பாருங்கள், அரிப்பு முந்திவிட்டு ரத்த அளவு பிந்தி ஏறுவதுண்டு. சிறுநீர் கடுமஞ்சளாகி, கண்ணும் மஞ்சளானால் அன்றே போக வேண்டும்.

மகளுக்கு 9 வாரம். மசக்கை. தண்ணீர்கூடத் தங்கவில்லை. பக்கத்து கிளினிக்கில் இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினார்கள், பிறகும் வாந்தி. எதுவரை மசக்கை, எங்கிருந்து நோய்?
— ஒரு தாய், விருதுநகர்

மசக்கை ஆறாவது வாரம் தொடங்கி ஒன்பது, பத்தில் உச்சமாகி, பெரும்பாலோருக்கு 16-லிருந்து 20 வாரத்துக்குள் அடங்கும். நோய் என்று சொல்வதற்கு அளவு உண்டு: கர்ப்பத்துக்கு முன்பிருந்த எடையில் நூற்றுக்கு ஐந்து குறைவது, அதாவது 52 கிலோ இருந்தவர் 49.4-க்கு இறங்குவது, 24 மணி நேரமாக எதுவும் தங்காமல் இருப்பது, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, போனாலும் தேயிலைச் சாயம்போல இருப்பது, எழுந்து நின்றால் கண் இருட்டுவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவமனை. அங்கே சிறுநீரில் கீட்டோன், ரத்தத்தில் பொட்டாசியம் பார்ப்பார்கள்.

குளுக்கோஸ் பாட்டில் பற்றி ஒரு முக்கியமான சேதி. பல நாள் வாந்தியில் உடம்பின் தயமின், அதாவது பி1 வைட்டமின், தீர்ந்துபோயிருக்கும். அந்த நிலையில் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால், அதை எரிக்க மிச்சமிருக்கும் தயமினும் செலவாகி மூளை பாதிக்கப்படலாம். நடை தள்ளாடுவது, கண் ஒரு பக்கம் நிலைக்காமல் ஆடுவது, குழப்பமாகப் பேசுவது அதன் அடையாளம். முதலில் தயமின், பிறகு உப்புநீர்ச் சலைன், அதோடு பொட்டாசியம் என்பதே முறை. "குளுக்கோஸ் ஏத்துங்க டாக்டர்" என்று நாமாகக் கேட்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும்.

வீட்டில் சமாளிக்கக்கூடிய அளவு என்றால், படுக்கையை விட்டு எழும் முன் ஒரு பிடி பொரி அல்லது காய்ந்த ரொட்டி. தண்ணீரை டம்ளரில் குடிக்காமல் பத்து நிமிடத்துக்கு இரண்டு தேக்கரண்டி. நீராகாரம், ஓஆர்எஸ் கரைசல் இரண்டும் நல்லது. டாக்சிலமைனும் பி6-ம் சேர்ந்த மாத்திரை கர்ப்பத்தில் நெடுங்காலமாகக் கொடுக்கப்படுவது, மருத்துவர் எழுதினால் பயப்படாமல் போடலாம். ஒன்று மட்டும்: வாந்தி அடங்கி நன்றாக இருந்தவருக்கு 20 வாரத்துக்குப் பிறகு புதிதாக வாந்தி வந்தால் அதை மசக்கை என்று சொல்லாதீர்கள். பிரஷர் பாருங்கள்.

சூட்டு வலிக்கும் பிரசவ வலிக்கும் எப்படி வித்தியாசம் காண்பது? எங்கள் ஊரிலிருந்து ஆஸ்பத்திரி 40 கிலோமீட்டர்.
— வாசகி, சத்தியமங்கலம்

வயிறு இறுகத் தொடங்கியதும் சிறுநீர் கழித்துவிட்டு இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்து இடது பக்கம் படுங்கள். உள்ளங்கையை மேல்வயிற்றில் வைத்து, இறுகும் நேரத்தையும் தளரும் நேரத்தையும் தாளில் எழுதுங்கள். சீரகத் தண்ணீர் குடிப்பதென்றால் இந்த ஒரு மணி நேரத்தில் குடியுங்கள், அதற்கு மேல் அதை நம்பி இருக்க வேண்டாம். சூட்டு வலி முன்வயிற்றில் மட்டும் இருக்கும், ஒழுங்கில்லாமல் வரும், படுத்தால் தணியும். பிரசவ வலி இடுப்பில் தொடங்கி முன்னால் சுற்றி வரும், இடைவெளி குறையும், வலு கூடும், நடந்தாலும் படுத்தாலும் விடாது.

37 வாரம் முடியவில்லை என்றால் கணக்கு வேறு. ஒரு மணி நேரத்தில் ஆறு முறை இறுகினாலோ, கீழே இறங்குவது போன்ற அழுத்தம் இருந்தாலோ, ரத்தம் கலந்த சளி வந்தாலோ உடனே போங்கள். சீக்கிரம் போவதில் லாபம் இருக்கிறது: குழந்தையின் நுரையீரல் பக்குவப்படத் தாய்க்கு டெக்ஸாமெத்தசோன் ஊசி 6 மில்லிகிராம் வீதம் 12 மணிக்கொரு முறை நான்கு போடுவார்கள். அது முழுமையாக வேலை செய்ய நேரம் வேண்டும். 37 முடிந்த தலைச்சன் பிரசவத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு வலி, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், ஒரு மணி நேரம் தொடர்ந்தால் கிளம்பலாம் என்பது பக்கத்தில் ஆஸ்பத்திரி இருப்பவர்களுக்கு. நீங்கள் பத்து நிமிட இடைவெளியிலேயே கிளம்புங்கள். இரண்டாவது பிரசவமோ, முன்பு சிசேரியனோ என்றால் வலி ஒழுங்காக வருகிறது என்று தெரிந்ததுமே.

பனிக்குடம் உடைந்தால் வலிக்குக் காத்திருக்க வேண்டாம். நீரா சிறுநீரா என்று சந்தேகம் என்றால், வெள்ளை வேட்டித் துணியை மடித்து வைத்து அரை மணி நேரம் படுத்துவிட்டு எழுந்து நில்லுங்கள். எழுந்ததும் மறுபடி நனைந்து, சிறுநீர் வாடை இல்லை என்றால் பனிநீர்தான். அந்தத் துணியைத் தூக்கி எறியாமல் பையில் போட்டு எடுத்துப் போங்கள், மருத்துவர் நிறத்தைப் பார்க்கட்டும். பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது, அவசரம். தொப்புள்கொடி வெளியே வந்துவிட்டால் அதை உள்ளே தள்ளாதீர்கள். முழங்கால் மண்டியிட்டு, நெஞ்சு தரையில் படும்படி குனிந்து, இடுப்பை உயர்த்தி வைத்தபடி 108-க்குச் சொல்லுங்கள்.

கர்ப்பிணிக்குக் காய்ச்சல் வந்தால் என்ன மாத்திரை?
— வாசகர், கும்பகோணம்

பாராசிட்டமால் 500 அல்லது 650 மில்லிகிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒன்று, நாளைக்கு நான்குக்கு மேல் வேண்டாம். இபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் மாத்திரையும் ஊசியும் கூடாது. நிலவேம்புக் குடிநீர் கர்ப்பிணி தானாகக் குடிக்க வேண்டாம். 100.4 டிகிரியைத் தாண்டினால் அன்றே ரத்தப் பரிசோதனை. குளிர் நடுக்கமும் விலாப்புற முதுகு வலியும் சேர்ந்தால் சிறுநீரகத் தொற்று. டெங்குவில் காய்ச்சல் விட்ட பிறகு வரும் இரண்டு நாள்தான் அபாயக் கட்டம். வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், கைகால் சில்லிடுவது கண்டால் "காய்ச்சல் விட்டுப்போச்சு" என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

தங்கைக்குப் பிரசவமாகி எட்டு நாள். பச்சை உடம்பு என்று தண்ணீரை அளந்துதான் தருகிறார்கள். ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கிறது. ராத்திரி தூங்காமல் ஏதேதோ பேசுகிறாள். காத்து கருப்பு என்று மந்திரிக்கக் கூப்பிடுகிறார்கள்.
— வாசகி, பரமக்குடி

இரண்டு வேறு ஆபத்துகள் ஒரே ஆளிடம் தெரிகின்றன, இன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைச்சதை வலித்துச் சூடாக இருந்தால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு வாரமும் ரத்தம் எளிதில் உறையும் காலம். படுத்தே கிடப்பதும் தண்ணீரைக் குறைப்பதும் அதைக் கூட்டும். அந்தக் காலைப் பிடித்துவிடவோ எண்ணெய் தேய்த்து நீவவோ கூடாது, கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போய்விடும். திடீர் மூச்சுத்திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் 108. பத்தியத்தில் எதை வேண்டுமானாலும் குறையுங்கள், தண்ணீரைக் குறைக்காதீர்கள்.

தூக்கமே இல்லாமல், தொடர்பற்றுப் பேசுவது, யாரோ குழந்தையை எடுத்துப்போக வருகிறார்கள் என்று பயப்படுவது பிரசவத்துக்குப் பிறகு முதல் இரண்டு வாரத்தில் வரும் மனநோயின் அடையாளம். காத்து கருப்பு இல்லை. மருந்தில் நன்றாகக் குணமாகும். அதுவரை தாயையும் குழந்தையையும் தனியாக ஓர் அறையில் விடக்கூடாது. மனநல ஆலோசனைக்கு 14416 என்ற டெலி மானஸ் எண்ணும், மருத்துவ ஆலோசனைக்கு 104-ம் இரவிலும் எடுப்பார்கள். ஆனால் உங்கள் தங்கைக்குப் போன் ஆலோசனை போதாது, நேரில் பார்க்க வேண்டும்.

ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நாப்கின் முழுக்க நனைவது, எலுமிச்சம்பழ அளவுக்குக் கட்டியாக ரத்தம் போவது, துர்நாற்றத்தோடு காய்ச்சல், படுத்தால் மூச்சு முட்டி உட்கார்ந்தால் தணிவது, விடாத தலைவலி: இவையும் அந்த ஆறு வாரத்தில் வரலாம். பிரசவத்துக்கு முன்பு பிரஷர் இல்லாதவர்களுக்கும் பிறகு ஏறுவதுண்டு. போகும்போது தாய் சேய் நல அட்டையையும் டிஸ்சார்ஜ் தாளையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள், "எட்டு நாளுக்கு முன் பிரசவம் ஆனவர்" என்பதை வாசலிலேயே சொல்லுங்கள்.